97எக்ஸ்: அலைவரிசையை விற்ற பிறகும் பாட்டைக் காப்பாற்றப் பார்த்த ஒரு சிற்றூர் ராக் வானொலி

அமெரிக்கச் சிற்றூர்களில் ராக் வானொலி என்றால் பெரும்பாலும் கிளாசிக் ராக்தான். 60களின் கடைசியிலிருந்து 80களின் தொடக்கம் வரை வந்த பாடல்களில் சில நூறைப் பொறுக்கியெடுத்துத் திரும்பத் திரும்பப் போடுவார்கள். அந்த வழியில் போகாமல் அதற்கு நேர் எதிரான நிகழ்ச்சி அமைப்பைக் கையில் எடுத்து, 20 வருடத்துக்கு மேல் எஃப்எம்மில் நின்று, பிறகு இணையத்துக்குப் போய் ஆறு வருடத்தில் அடங்கிப்போன ஒரு நிலையத்தைப் பற்றியது இந்த ஆய்வு. ஊர் ஒஹாயோ மாநிலத்து ஆக்ஸ்ஃபோர்டு. நிலையத்தின் அழைப்பெழுத்து, அதாவது உரிமத்தில் இருக்கும் பெயர், டபிள்யூஓஎக்ஸ்ஒய், நேயர்களுக்கு அது 97எக்ஸ். இதில் வரும் உரிமையாளர்கள், டிஜேக்கள், முதலீட்டாளர்கள் யாரையும் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை.

இதை எழுத ஒரே காரணம்தான். நிகழ்ச்சி நன்றாக இருந்தால் நிலையம் பிழைக்கும் என்று ரேடியோ மேல் ஆசை வைத்திருக்கிற எல்லாரும் நம்புகிறோம். 97எக்ஸில் நிகழ்ச்சி கடைசி நாள் வரை நன்றாகத்தான் இருந்தது. அப்படியும் 2004, 2006, 2010 என்று மூன்று முறை நின்றது. அலைவரிசை யார் கையில் இருக்கிறது, ஒரு நேயர் கூடினால் செலவு எவ்வளவு கூடும் என்ற இரண்டு விஷயங்கள்தான் ஒவ்வொரு முறையும் முடிவைத் தீர்மானித்தன.

## பின்னணி: ஊரும் 3,000 வாட்டும்

ஆக்ஸ்ஃபோர்டு, சின்சினாட்டி நகரிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டரில் இருக்கும் கல்லூரி ஊர். 1809ல் தொடங்கிய மயாமி பல்கலைக்கழகம் இங்கேதான் இருக்கிறது. (ஃப்ளோரிடா மயாமியோடு இதற்குச் சம்பந்தமில்லை.) பல்கலைக்கழகம் திறந்திருக்கும் மாதங்களில் ஊரில் பாதிக்கு மேல் மாணவர்கள், கோடை விடுமுறையில் வெறிச்சோடிவிடும். விளம்பரத்தை நம்பிப் பிழைக்கும் ஒரு வணிக வானொலிக்கு இது லேசான நிலைமை இல்லை.

97.7 மெகாஹெர்ட்ஸில் 1959ல் தொடங்கிய இந்த நிலையத்துக்கு அப்போது பெயர் டபிள்யூஓஎக்ஸ்ஆர். உரிமம் கிளாஸ் ஏ, அதாவது அமெரிக்க வணிக எஃப்எம்மில் ஆகச் சிறிய வகை. 80களில் அந்த வகைக்கு உச்சவரம்பு 3,000 வாட். 90 மீட்டர் உயர ஆன்டெனாவோடு அது ஒழுங்காகப் போய்ச் சேரும் தூரம் சுமார் 24 கிலோமீட்டர். அதற்கு வெளியிலும் கேட்கும், ஆனால் மலைமேடு, கட்டடம், பக்கத்து அலைவரிசை எது குறுக்கே வந்தாலும் இரைச்சல்தான். சின்சினாட்டியின் வடக்குப் புறநகர்களில் கிடைக்கும், நகர மையத்தில் கிடைத்தால் அதிர்ஷ்டம். வடகிழக்கில் இருக்கும் டேட்டன் பக்கமும் இதே கதைதான். ஆனால் நகர நிலையங்களுக்கு 50,000 வாட் வரை அனுமதி உண்டு, அவை ஆக்ஸ்ஃபோர்டு வீடுகளுக்குள்ளேயே கணீரென்று ஒலித்தன.

1981ல் ஒரு கணவனும் மனைவியும் இந்த நிலையத்தை வாங்கினார்கள். அப்போது போய்க்கொண்டிருந்தது டாப் 40, அதாவது அந்த வாரத்தில் எங்கும் ஒலிக்கும் ஹிட் பாடல்கள். அதே பாடல்களைப் பல மடங்கு வலுவான சிக்னலில் நகர நிலையங்கள் தரும்போது, 3,000 வாட் நிலையத்தை ஒருவர் தேடி வந்து திருப்புவதற்குக் காரணமே இல்லை.

## 1983: முதல் முடிவு

ராக் பக்கம் போவது என்றால் முன்னால் இருந்த வழிகள் குறைவு. ஆல்பம் ராக்கில், அதாவது ஹிட் பாடல்களோடு நிற்காமல் ராக் ஆல்பங்களிலிருந்து பாட்டு எடுத்துப் போடுவதில், சின்சினாட்டியின் டபிள்யூஇபிஎன் 1967லிருந்தே வேரூன்றியிருந்தது. அதோடு மோதினால் தோல்வி உறுதி. பழைய பாடல்களை மட்டும் வைத்து ஒரு நிலையத்தை நடத்துவது அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்தது. ஆலோசகர் ஃபிரெட் ஜேக்கப்ஸ் கிளாசிக் ராக் வடிவத்தை மிச்சிகன் மாநிலம் லான்சிங் பகுதியின் டபிள்யூஎம்எம்கியூவில் இறக்கியது 1985ல். அதன் பிறகுதான் அது நாடெங்கும் பரவியது.

இந்தத் தம்பதி எடுத்தது மூன்றாவது வழி. 1983 செப்டம்பரில் நிலையம் மாடர்ன் ராக்குக்கு மாறியது. பங்க் அலைக்குப் பின் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வந்துகொண்டிருந்த இசை அது. மாணவர்கள் இசைத்தட்டாக வாங்கினார்கள், எம்டிவியில் பார்த்தார்கள், ஆனால் வணிக வானொலியில் கேட்க முடியவில்லை. நிலையம் தனக்கு வைத்துக்கொண்ட அடைமொழி ‘ராக் அண்ட் ரோலின் எதிர்காலம்’.

இதை வெறும் ரசனை முடிவாகப் பார்க்கக் கூடாது, கணக்கும் சரியாகத்தான் இருந்தது. சிக்னல் சிறியதாக இருக்கும் நிலையத்துக்கு ‘பரவாயில்லை, இதுவும் ஓடட்டும்’ என்று கேட்கும் நேயர் கிடைக்க மாட்டார். ஆன்டெனாவைத் திருப்பி, ஜன்னல் ஓரத்தில் ரேடியோவை நகர்த்தி வைத்து, இரைச்சலோடு கேட்கத் தயாராக இருக்கும் நேயர்தான் வேண்டும். வேறெங்கும் கிடைக்காததைத் தந்தால்தான் அவர் வருவார்.

## நிகழ்ச்சி அமைப்பு: என்ன செய்தார்கள், எது வேலை செய்தது

இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

கிளாசிக் ராக் நிலையம் ஒன்று பாடல்களை எப்படித் தேர்ந்தெடுக்கிறது என்று முதலில் பார்ப்போம். ஒரு அரங்கில் குறிப்பிட்ட வயதுக்காரர்களை உட்கார வைத்து, ஒவ்வொரு பாட்டிலும் எல்லாருக்கும் தெரிந்த சில வினாடித் துண்டை மட்டும் போட்டுக் காட்டி மதிப்பெண் வாங்குவார்கள். நல்ல மதிப்பெண் வாங்கிய சில நூறு பாடல்கள் பட்டியலில் நிற்கும், மிச்சம் வெளியே. பிறகு ஒரு மணி நேரத்தைக் கடிகார முகமாக வரைந்து, எந்த நிமிடத்தில் எந்த வகைப் பாட்டு, எங்கே விளம்பரம், எங்கே நிலையத்தின் பெயர் என்று பிரித்துவிடுவார்கள். அதற்கு க்ளாக் என்று பெயர். அந்தக் கட்டங்களை மென்பொருள் நிரப்பிவிடும். இந்த முறையைக் குறை சொல்லிவிட முடியாது. காரில் ஏறி ஸ்டேஷன் மாற்றிக்கொண்டே போகிறவரை ஒரு நொடியில் பிடித்து நிறுத்த இதைவிடச் சிறந்த வழி இல்லை. ஆனால் யாருக்கும் முன்பே தெரியாத பாட்டு அந்தத் தேர்வில் ஒருபோதும் தேறாது. அந்த முறைக்குள் புதிய பாட்டு நுழைய வாசலே இல்லை.

97எக்ஸ் இதைத் தலைகீழாகச் செய்தது. சிங்கிள், அதாவது ஆல்பத்திலிருந்து தனியாக வெளியிடும் பாட்டு என்று இசைத்தட்டு நிறுவனம் அனுப்பியதோடு நிற்காமல் ஆல்பத்தின் உள்ளே போய்ப் பாட்டு எடுத்தார்கள். சிறிய இசைத்தட்டு நிறுவனங்களின் வெளியீடுகளும் பெரிய நிறுவன வெளியீடுகளும் ஒரே மணி நேரத்தில் அடுத்தடுத்து வந்தன. டிஜேக்களுக்குப் பாட்டுத் தேர்வில் குரல் இருந்தது. ஒரு பாட்டு ஏன் வருகிறது, யாருடையது என்று அவர்கள் சொல்லிவிட்டுப் போட்டார்கள், வருடக்கணக்கில் அதே குரல்கள் சொன்னதால் நேயர்கள் அந்தக் குரலை நம்பித் தெரியாத பாட்டையும் பொறுமையாகக் கேட்டார்கள். முன்பின் தெரியாத பாட்டை ஒருவர் முழுசாகக் கேட்க வேண்டுமென்றால் நடுவில் நம்பிக்கையான ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளை எடுத்துவிட்டு அதே பட்டியலைக் கணினியில் ஓட விட்டால் அதே பலன் கிடைக்காது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

உள்ளூர் பேண்டுகளுக்குத் தனி நிகழ்ச்சி இருந்தது. அது சலுகையாகக் கொடுத்த மூலை நேரமாக நிற்கவில்லை. சின்சினாட்டியின் ஆஃப்கன் விக்ஸ், டேட்டனின் கைடட் பை வாய்சஸ், ப்ரீடர்ஸ் எல்லாம் இந்தப் பகுதியோடு தொடர்புள்ளவர்கள். பிற்பாடு உலகமே கேட்ட இசை, அந்த வட்டாரத்தில் 3,000 வாட் ஒலிபரப்பில் அண்டை வீட்டுப் பிள்ளைகளின் பாட்டாக ஒலித்துக்கொண்டிருந்தது.

அடுத்தது மாடர்ன் ராக் 500. மே மாதக் கடைசியில் வரும் மெமோரியல் டே நீண்ட வார இறுதியில், நேயர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த 500 பாடல்களை 500வது இடத்திலிருந்து முதலிடம் வரை எண்ணிக்கொண்டே போடுவார்கள். அதே வார இறுதியில் அண்டை மாநிலத்தில் நடக்கும் இண்டியனாபொலிஸ் 500 கார் பந்தயத்தின் பெயரைத் தழுவி வைத்த பெயர் இது. ஒரு பாட்டுக்கு நாலு நிமிடம் வைத்தாலும் 2,000 நிமிடம், அதாவது 33 மணி நேரத்துக்கு மேல். பேச்சும் விளம்பரமும் சேர்ந்தால் பல நாட்களுக்கு இழுக்கும். நேயர்கள் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்து பட்டியலை எழுதிவைப்பார்கள், எந்தப் பாட்டு எத்தனை இடம் ஏறியது, இறங்கியது என்று வாக்குவாதம் நடக்கும். நிகழ்ச்சி அமைப்பின் கோணத்தில் பார்த்தால் இது வெறும் கொண்டாட்டம் இல்லை. கிளாசிக் ராக் நிலையம் அரங்கத்தில் காசு கொடுத்துச் செய்யும் ஆய்வை இவர்கள் வருடா வருடம் நேயர்களையே வைத்து, ஒலிபரப்பிலேயே, எல்லார் காதிலும் விழும்படி செய்தார்கள். முழுப் பாட்டையும் கேட்டு, விரும்பி, வாக்களித்த பட்டியல் அது. பல வருடம் ஓடியதில் புது இசை நிலையத்துக்கென்று ஒரு பழம்பாடல் தொகுப்பும் தானாக உருவாகிவிட்டது, யாரும் உட்கார்ந்து வகுக்காமலே.

1988ல் வந்த ‘ரெயின் மேன்’ படத்தில் டஸ்டின் ஹாஃப்மன் நடித்த பாத்திரம் கார் ரேடியோவில் கேட்ட இந்த நிலையத்தின் அறிவிப்பைத் திரும்பத் திரும்பச் சொல்லும். படம் அந்த ஆண்டின் சிறந்த படத்துக்கான ஆஸ்கார் வாங்கியது. ஆக்ஸ்ஃபோர்டு எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்களுக்கும் 97எக்ஸ் என்ற பெயர் தெரிந்தது. சிக்னல் என்னவோ 24 கிலோமீட்டர்தான். பெயர் போன தூரத்துக்கு அலை போகவில்லை, அலை போகாத இடத்திலிருந்து விளம்பர வருமானம் வராது. இந்த இடைவெளிதான் கடைசி வரை துரத்தியது.

## 90கள்: சுற்றிலும் மாறியது

1991ல் நிர்வாணா என்ற ராக் பேண்டின் இரண்டாவது ஆல்பம் வெடித்த பிறகு, கல்லூரி ஊர்களோடு நின்றிருந்த இசை நாடு முழுக்க வியாபாரமானது. பெரிய நகரங்களில் ஆல்டர்நேட்டிவ் என்ற பெயரில் வலுவான நிலையங்கள் வந்தன. ‘வேறெங்கும் கிடைக்காது’ என்ற நிலை இதனால் பாதி போய்விட்டது. இருந்தும் 97எக்ஸ் தன் பட்டியலைச் சுருக்கவில்லை. பெரிய நிலையங்கள் இருபது முப்பது பாட்டைச் சுழற்றிக்கொண்டிருந்தபோது இவர்கள் அகலத்தை விடவில்லை, அதனால் நேயர்களின் பிடிப்பும் விடவில்லை.

பெரிய அடி சட்டத்தின் வழியாக வந்தது. 1996ன் தொலைத்தொடர்புச் சட்டம், ஒரே நிறுவனம் நாடு முழுக்க எத்தனை வானொலி நிலையங்களை வைத்துக்கொள்ளலாம் என்ற உச்சவரம்பை எடுத்துவிட்டது. பெரிய நகரங்களில் ஒருவரே எட்டு நிலையங்கள் வரை வைத்துக்கொள்ளலாம் என்றானது. சின்சினாட்டியை ஒட்டி, ஆற்றுக்கு அக்கரையில் தலைமையகம் வைத்திருந்த ஜேகோர் நிறுவனம் இந்த ஓட்டத்தில் வேகமாக வளர்ந்தது, 1999ல் அதையே கிளியர் சேனல் விழுங்கியது, சில வருடத்தில் கிளியர் சேனலிடம் 1,200க்கு மேற்பட்ட நிலையங்கள். ஒரு விளம்பரதாரர் ஒரே மேசையில் உட்கார்ந்து நகரின் ஐந்தாறு நிலையங்களில் நேரம் வாங்கிவிடலாம் என்ற நிலையில், நகர ஓரத்தில் பாதி கேட்டும் கேட்காமலும் இருக்கும் ஒற்றை நிலையத்துக்குத் தனியாக அலைய யாருக்கு நேரம் இருக்கும்?

இதே காலத்தில் அலைவரிசைகளின் விலையும் ஏறியது. நகரத்துக்கு அருகில் நகர்த்தக்கூடிய சிற்றூர் உரிமங்களுக்குத் தனி மவுசு வந்தது. அந்த ஊரில் என்ன ஒலிபரப்பாகிறது என்பதற்கு அந்த விலையில் இடமே இல்லை.

1998ல் 97எக்ஸ் இணையத்திலும் ஒலிக்கத் தொடங்கியது. அந்தக் காலத்து வேகத்தில் அது தெளிவான ஒலி இல்லைதான். ஆனாலும் முதன்முறையாகச் சிக்னலும் புகழும் ஒரே தூரம் போயின. படித்து முடித்து ஊரைவிட்டுப் போனவர்கள் வேலை செய்யும் இடத்தில் திரும்பக் கேட்க ஆரம்பித்தார்கள்.

## 2004: அலைவரிசை விற்பனை

2004 தொடக்கத்தில் உரிமையாளர்கள் 97.7 அலைவரிசையை டாலஸைச் சேர்ந்த ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு 56 லட்சம் டாலருக்கு விற்பதாக அறிவித்தார்கள். இருபது வருடத்துக்கு மேல் சொந்தமாக நடத்திய ஒரு தம்பதி விற்க முடிவெடுத்தால் அதைத் துரோகமாகப் பேச எனக்கு மனம் வரவில்லை. அந்த விலையை மாடர்ன் ராக் விளம்பரத்தில் சம்பாதிக்க எத்தனை தலைமுறை ஆகும்? வாங்கியவர்களுக்கு வேண்டியது உரிமம் மட்டும். பிற்பாடு அந்த உரிமம் சின்சினாட்டியின் வடகிழக்குப் புறநகரான மேசனுக்கு மாறியது, இப்போது அங்கே ஸ்பானிஷ் மொழி நிகழ்ச்சிகள் ஒலிக்கின்றன.

உரிமத்தை ஊர் மாற்றும்போது, பழைய ஊரின் ஒரே உள்ளூர் நிலையம் அதுதானா என்று அமெரிக்க ஒழுங்குமுறை ஆணையம் பார்க்கும். ஆக்ஸ்ஃபோர்டில் பல்கலைக்கழகத்தின் பொது வானொலியான (விளம்பர வியாபாரம் இல்லாத, நேயர் சந்தாவையும் நன்கொடையையும் நம்பும் வகை) டபிள்யூஎம்யூபி இருந்ததால் காகிதத்தில் ஊர் வானொலி இல்லாமல் போகவில்லை. அந்தப் பொது வானொலியும் 2009ல் சின்சினாட்டி நிர்வாகத்திடம் போய் அங்குள்ள நிகழ்ச்சிகளின் மறு ஒலிபரப்பாகிவிட்டது. விதி கேட்ட கேள்வி ‘ஏதாவது ஒரு நிலையம் இருக்கிறதா’ என்பது. ஊருக்கு வேண்டியிருந்தது அந்த ஊரிலிருந்து பேசும் நிலையம்.

2004 மே 13 அன்று எஃப்எம்மில் கடைசி ஒலிபரப்பு. இணைய ஒலிபரப்பும் அதோடு முடிவதாகத்தான் இருந்தது. பெயர் வெளியிடாத முதலீட்டாளர்கள் கடைசி நேரத்தில் முன்வந்தார்கள். பழைய டிஜேக்கள் சிலரோடு ஜூலையில் வாக்ஸி டாட் காம் (அழைப்பெழுத்தைச் சேர்த்து ஒரே சொல்லாகப் படித்தால் வாக்ஸி) என்ற பெயரில் இணையத்தில் மட்டும் ஒலிக்கும் வானொலியாகத் தொடங்கியது.

## 2004 முதல் 2006: செலவு தலைகீழானது

நிகழ்ச்சியைப் பொறுத்தவரை இது பொற்காலம் என்றே சொல்லலாம். அதே ஆட்கள், அதே காது, அலை எட்டாத தூரம் என்ற பிரச்சினை இல்லை. பேண்டுகள் ஸ்டுடியோவுக்கே வந்து நேரலையில் வாசித்தார்கள், அந்தப் பதிவுகளைத் தேடிப் பல நாடுகளிலிருந்து நேயர்கள் வந்தார்கள்.

பணத்தைப் பொறுத்தவரை அடித்தளமே மாறியிருந்தது. எஃப்எம் கோபுரம் தெருவிளக்கு மாதிரி: கீழே ஒருவர் நடந்தாலும் நூறு பேர் நடந்தாலும் மின்கட்டணம் ஒன்றுதான். இணையத்தில் அப்படி இல்லை, ஒவ்வொரு நேயருக்கும் தனியாக ஒரு இணைப்பு, தனியாக டேட்டா செலவு. அதற்கு மேல் ராயல்டி. அமெரிக்காவில் எஃப்எம் நிலையங்கள் பாட்டை எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் மட்டும் பணம் கொடுத்தால் போதும், பாடியவருக்கோ இசைத்தட்டு நிறுவனத்துக்கோ கொடுக்க வேண்டியதில்லை. இணைய வானொலி எல்லாருக்கும் கொடுக்க வேண்டும். அதுவும் ‘ஒரு நேயர், ஒரு பாட்டு’ என்று எண்ணி.

கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். 2007ல் ராயல்டி வாரியம் அறிவித்த கட்டணப்படி 2006க்கு ஒரு நேயர் ஒரு பாட்டுக்கு 0.08 சென்ட், அது படிப்படியாக ஏறி 2010ல் 0.19 சென்ட். மணிக்கு 15 பாட்டு, சராசரியாக 1,000 பேர் எந்நேரமும் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால் 2006 கட்டணத்தில் மணிக்கு 12 டாலர், மாதத்துக்கு 8,640 டாலர். 2010 கட்டணத்தில் மணிக்கு 28.50, மாதத்துக்கு 20,520 டாலர். சிறிய நிலையங்களுக்குச் சலுகை ஒப்பந்தங்கள் இடையிடையே வந்தன, இது இந்த நிலையம் கட்டிய தொகையும் இல்லை. ஆனால் திசையைக் காட்ட இந்தக் கணக்கு போதும்: நேயர்கள் இரட்டிப்பானால் பில்லும் இரட்டிப்பு. எஃப்எம்மில் வெற்றி என்று எதைச் சொல்வோமோ, அதுவே இங்கே பாரம்.

அந்தப் பாரத்தை விளம்பரம் தூக்கியிருக்க வேண்டும், தூக்கவில்லை. காரணம் எளிது. ஆக்ஸ்ஃபோர்டிலோ சின்சினாட்டியிலோ கடை வைத்திருப்பவருக்கு லண்டனிலும் சியாட்டிலிலும் இருக்கும் நேயரால் ஒரு பயனும் இல்லை, உலகம் முழுக்க விற்கும் நிறுவனத்துக்கோ இந்த எண்ணிக்கை மிகச் சிறியது. நேயர்கள் பரவியதே விளம்பரத்தின் மதிப்பைக் குறைத்தது.

நிகழ்ச்சி அமைப்பிலும் ஒரு கட்டுப்பாடு சேர்ந்தது. 1998ன் டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டப்படி இணைய வானொலி மூன்று மணி நேரத்துக்குள் ஒரே ஆல்பத்திலிருந்து மூன்று பாட்டுக்கு மேல், ஒரே கலைஞரின் நாலு பாட்டுக்கு மேல் போட முடியாது. எந்தப் பாட்டு எப்போது வரும் என்று முன்கூட்டி அறிவிக்கவும் கூடாது. பிடித்த ஆல்பத்தை முழுதாகப் போட்டுக் கேட்க வைப்பது, ஒரு பேண்டுக்காக ஒரு மாலை முழுவதையும் ஒதுக்குவது போன்ற பழைய ராக் வானொலிப் பழக்கங்களுக்கு இங்கே இடமில்லாமல் போயிற்று.

2006ல் நேயர்களிடம் சந்தா கேட்டுப் பார்த்தார்கள், போதுமான அளவு சேரவில்லை. செப்டம்பர் 15 அன்று ஒலிபரப்பு நின்றது.

## 2006 முதல் 2010: கை மாறிக்கொண்டே

ஒரே மாதத்தில் லாலா என்ற இசைத் தளம் கைகொடுத்தது. அப்போது அது நேயர்கள் தங்களுக்குள் சிடி மாற்றிக்கொள்ள உதவும் தளம். இசைமேல் பைத்தியமாக இருப்பவர்களை ஓரிடத்தில் சேர்க்க இந்த வானொலி உதவும் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கு மாறியதும் வானொலி மறுபடி கை மாறியது. 2009ல் ஃபியூச்சர் சவுண்ட்ஸ் என்ற நிறுவனம் வாங்கி, அதே வருடம் நிலையத்தை டெக்சஸின் ஆஸ்டினுக்குக் கொண்டுபோனது. இசைக்கு ஆஸ்டின் நல்ல ஊர்தான், வருடா வருடம் சவுத் பை சவுத்வெஸ்ட் விழா நடக்கும் இடம். ஆனால் 26 வருடமாக இந்த நிலையத்தைத் தன்னுடையது என்று நினைத்த வட்டாரம் 1,500 கிலோமீட்டருக்கு அப்பால் போய்விட்டது.

2010 மார்ச் 23, அந்த வருடத்து விழா முடிந்த சில நாட்களில், பணமில்லாமல் ஒலிபரப்பு நிறுத்தப்பட்டது. அதன் பிறகு வாக்ஸி திரும்ப வரவில்லை.

## மாற்றிச் செய்திருக்கக் கூடியவை

பின்னாலிருந்து பார்த்துச் சொல்வது சுலபம் என்பது தெரியும். இருந்தாலும் அடுத்து ஒருவர் இதே இடத்தில் நிற்பார் என்பதால் சொல்கிறேன்.

முதலாவது, நேயர்களிடம் பணம் கேட்ட நேரம். 2004 தொடக்கத்தில் விற்பனை அறிவிப்பு வந்ததிலிருந்து மே 13 வரை மாதக்கணக்கில் அவகாசம் இருந்தது. நேயர்களுக்கு இழப்பு வலித்துக்கொண்டிருந்த நேரம் அது. அப்போதே உறுப்பினர் திட்டத்தைத் தொடங்கியிருக்க வேண்டும். அதைச் செய்யாமல் முதலில் இலவசமாகக் கொடுத்து, இரண்டு வருடம் அதற்குப் பழக்கி, பிறகு காசு கேட்டால் ஆட்கள் குறைவாகத்தான் வருவார்கள்.

இரண்டாவது, லாபநோக்கற்ற அமைப்பு. அதே 2004ல் மின்னசோட்டாவின் நார்த்ஃபீல்டு என்ற சிற்றூரில் செயின்ட் ஓலஃப் கல்லூரி தன் டபிள்யூசிஏஎல் நிலையத்தை மின்னசோட்டா பொது வானொலிக்கு 1 கோடியே 5 லட்சம் டாலருக்கு விற்றது. பழைய நேயர்கள் கடுமையாக எதிர்த்தார்கள், அவர்கள் இழந்தது உண்மையான இழப்பு. ஆனால் அந்த அலைவரிசையில் 2005 ஜனவரியில் தொடங்கிய ‘தி கரன்ட்’, 97எக்ஸ் செய்ததைப் போலவே புது இசை, உள்ளூர் பேண்ட், பழைய பாடல்களின் அகலமான தொகுப்பு என்று நிகழ்ச்சி அமைத்து இன்றும் ஒலிக்கிறது. இத்தனைக்கும் இரண்டு நிலையங்களின் பாட்டுப் பட்டியலில் பெரிய வேறுபாடு இல்லை. அங்கே உறுப்பினர் சந்தாவுக்குப் பழகிய நேயர் கூட்டம் முன்பே இருந்தது, அலைவரிசை விளம்பரச் சந்தைக்கு வெளியே இருந்தது. இணைய ராயல்டியிலும் வணிகமல்லாத நிலையங்களுக்குத் தனிக் கட்டணம்: 2007 அறிவிப்புப்படி, கேட்கும் நேரம் மாதத்துக்கு 1,59,140 மணிக்குள் இருந்தால் வருடத்துக்கு 500 டாலர். சராசரியாக 200 பேருக்குச் சற்று அதிகம் எந்நேரமும் கேட்கும் அளவு அது. அதற்குமேல் போனால்தான் எண்ணிக்கைக் கட்டணம்.

மூன்றாவது, விற்பனையின்போது சின்ன அளவிலாவது ஒரு எஃப்எம் இருப்பை வட்டாரத்தில் வைத்துக்கொள்வது. இதில் அந்தத் தம்பதியைக் குறை சொல்ல வழியில்லை, ஏனென்றால் 2004ல் கதவு பெரும்பாலும் மூடியிருந்தது. 100 வாட் குறைந்த சக்தி எஃப்எம் உரிமங்கள் 2000த்தில் வந்தாலும் பக்கத்து அலைவரிசைக் கட்டுப்பாட்டால் நகரங்களை ஒட்டிய இடங்களில் கிடைப்பது அரிது. 2011ல் சட்டம் தளர்ந்து 2013ல் விண்ணப்பங்கள் வாங்கிய பிறகுதான் நிலைமை மாறியது. அந்த உரிமம் வணிகமல்லாத அமைப்புகளுக்கு மட்டும்தான், சுமார் 5 கிலோமீட்டர்தான் எட்டும். ஆக்ஸ்ஃபோர்டு மாதிரி ஒரு ஊருக்கு அது முழுசாகப் போதும். ஊருக்குள் 100 வாட்டில் ஒரு நிலையம், வெளியூர்போன நேயர்களுக்கு அளவோடு ஒரு இணைய ஒலிபரப்பு, இரண்டுக்கும் சேர்த்து உறுப்பினர் சந்தா என்று வைத்திருந்தால் அந்த டிஜேக்கள் தங்கள் வட்டாரத்தை விட்டுப் போக வேண்டியிருந்திருக்காது.